லென்னியின் கைகள்

"ஸார், லென்னிக்கு எவ்வளவு பலம் இருந்திருக்கும்?"

மழையினால் விளையாட்டு நின்றுபோன ஒரு மாலை நேரம். பாடப் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டு, மேல் வகுப்புப் பையன்களுக்கு நாம் ஓர் அமெரிக்கக் கதையைச் சொல்லி முடித்திருந்தோம். முடித்ததும் இரண்டு நிமிஷம் வகுப்பில் சத்தமே இல்லை. அப்புறம்தான் இந்தக் கேள்வி வந்தது. கேட்டவன் தினந்தோறும் தண்டால் எடுக்கிறவன். அவனுக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் உண்டானது இயற்கையே. உடனே நாலைந்து பேர் சேர்ந்துகொண்டு, லென்னி எத்தனை மூட்டை தூக்குவான், இன்னாரோடு மல்லுக்கு நின்றால் ஜயம் யாருக்கு என்று தர்க்கம் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். நாம் அவர்களைக் கோபித்துக்கொள்ளவில்லை. பீமனுக்கும் ஜராசந்தனுக்கும் இடையே அந்த வயதில் மத்தியஸ்தம் செய்தவர்கள்தானே நாமும்!

அப்போது கடைசிப் பெஞ்சியில் அதிகம் பேசாத பையன் ஒருவன் எழுந்தான். "பலம் இருக்கட்டும், ஸார். அவ்வளவு பலமுள்ளவனுக்குப் பிடித்த பிடியை விட மட்டும் ஏன் தெரியவில்லை?" என்று கேட்டான்.

அதற்குள் மணி அடித்துவிட்டது. ஆசிரியர்களைக் காப்பாற்றுவதற்கென்றே ஏற்பட்ட மணி அது. ஆனால் வீடு வந்து சேர்ந்த பிறகும் அந்தக் கேள்வி நம்மை விட்டபாடில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பையனுக்கு நாம் பட்ட கடன்.

கதையைப் படித்திராத நேயர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 'ஆப் மைஸ் அண்டு மென்' என்பது அதன் பெயர். எலிகளையும் மனிதர்களையும் பற்றியது என்று பொருள். ஜான் ஸ்டீன்பெக் எழுதி 1937-ஆம் வருஷம் வெளிவந்த சிறிய நாவல் அது. ஸ்டீன்பெக் 1902-இல் கலிபோர்னியாவிலுள்ள ஸலினாஸ் என்ற ஊரில் பிறந்தவர். வாலிபத்தில் அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் கூலி வேலை செய்து பார்த்தவர். 1962-இல் நோபல் பரிசு பெற்றவர். கதை நடப்பதும் அந்த ஸலினாஸ் பள்ளத்தாக்கில், ஸோலிடாட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில்தான். ஸ்பானிய பாஷையில் அந்தப் பெயருக்குத் தனிமை என்று அர்த்தம். வீடு வாசல் இல்லாமல் பண்ணைக்குப் பண்ணை அலைகிற கூலிக்காரர் இருவர் அங்கே வந்து சேருகிறார்கள். ஒருவன் ஜார்ஜ்: குள்ளமானவன், சுறுசுறுப்பானவன். மற்றவன் லென்னி: மலைபோன்ற சரீரம், குழந்தையின் மனம். அவனுடைய குடும்பப் பெயர் ஸ்மால், அதாவது 'சிறியவன்'. பண்ணையாட்களில் ஒருவன் இதைக் கேட்டுச் சிரிக்காமல் இருப்பானா? ஒரு வியாழக்கிழமை மாலை தொடங்கிய கதை ஞாயிற்றுக்கிழமை மாலை முடிந்துவிடுகிறது. இடையில் மூன்றே நாள்.

இனிப் பலத்தைப் பார்ப்போம். முதல் கேள்வி கேட்ட பையனுக்கும் பதில் சொல்ல வேண்டுமல்லவா?

லென்னியின் வேலை பார்லி மூட்டைகளைத் தூக்கி வண்டியில் ஏற்றுவது. அந்தக் காலத்தில் கலிபோர்னியாவில் தானியத்தை மொத்தமாகக் கொட்டி வைக்காமல் கோணியில் கட்டுவதே வழக்கம். கப்பலில் ஏற்றிச் செல்ல அதுவே தோதாக இருந்தது. அந்தக் கோணிகளின் சணல் பெரும்பாலும் நம் வங்காளத்திலிருந்து போனது. கல்கத்தாவிலிருந்து கடல் கடந்த சணல், ஸோலிடாடில் லென்னியின் உள்ளங்கையை உராய்ந்தது என்று நினைக்கும்போது உலகம் சற்றுச் சிறிதாகிவிடுகிறது. ஒரு மூட்டையின் நிறை சுமார் 100 ராத்தல். அதற்கு மேலும் இருப்பதுண்டு. இருவர் இரண்டு பக்கமும் பிடித்து, ஒரே தாளத்தில் வீசி ஏற்ற வேண்டும். ஒருவன் முந்தினாலும் மற்றவன் பிந்தினாலும் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இந்த வேலையைக் காலை முதல் மாலை வரை வெயிலில் செய்ய வேண்டும்.

லென்னி 400 ராத்தல் கட்டைத் தூக்கிவிடுவான் என்று ஜார்ஜ் பண்ணை முதலாளியிடம் சொல்கிறான். அதாவது 180 கிலோவுக்கு மேல். இதை நாம் அப்படியே கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. வேலை கேட்க வந்த இடத்தில் எந்த மனிதன் அளந்து பேசுகிறான்? மேலும் அந்த ஜார்ஜ், லென்னி தன் உறவினன் என்றும், சிறு வயதில் குதிரை உதைத்ததால் புத்தி மங்கிவிட்டதென்றும் அதே மூச்சில் இரண்டு பொய்களைச் சொன்னவன். ஆகவே அவன் சாட்சியத்தை விட்டுவிடுவோம். ஸ்லிம் என்ற தலைமை வண்டிக்காரன் ஒருவன் இருக்கிறான். வீண் வார்த்தை பேசாதவன். லென்னி வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே, அரை நாள் வேலையைப் பார்த்துவிட்டு, இவனுக்கு ஈடு கொடுக்கக்கூடியவன் எவனும் இல்லை என்றும், கூடத் தூக்கிய ஆளின் உயிரே போய்விடும் போலிருந்தது என்றும் அவன் சொல்கிறான். இது கண்ணால் கண்டவன் சாட்சியம். இருவர் ஏற்றக்கூடியதற்கு மேலாகவே லென்னி ஒருவன் ஏற்றுவான் என்று வைத்துக்கொள்ளலாம்.

பலத்திலே இன்னும் ஓர் அம்சம் உண்டு. லென்னிக்கு அலுப்பே கிடையாது, சலிப்பும் கிடையாது. யோசனை செய்ய வேண்டியிராத எந்த வேலையானாலும், சொல்லிவிட்டால் செய்துகொண்டே இருப்பான். நிறுத்தச் சொன்னால்தான் நிறுத்துவான். முதலாளிமாருக்கு இதைவிட உவப்பான ஆள் எங்கே கிடைப்பான்? ஆனால் அவனாக ஒரு வேலையைத் தொடங்கத் தெரியாது. அவனுடைய சரீரத்துக்கு வேறொருவன் வாய்தான் கடிவாளம். இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜார்ஜ் ஒரு சம்பவம் சொல்கிறான். ஒரு நாள் ஸாக்ரமெண்டோ நதிக்கரையில் நண்பர் கூட்டத்துக்கு வேடிக்கை காட்ட நினைத்து, லென்னியைத் தண்ணீரில் குதிக்கச் சொன்னானாம். லென்னி குதித்துவிட்டான். நீச்சல் ஒரு கைகூடத் தெரியாது. மூழ்கப் போனவனை இழுத்துக் கரை சேர்த்தபோது, குதிக்கச் சொன்னவனும் ஜார்ஜே என்பது அவனுக்கு மறந்து போயிற்று. காப்பாற்றினதற்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தானாம். அன்றோடு அவனைக் கேலி செய்வதை ஜார்ஜ் விட்டுவிட்டான். இந்த ஒரு பாராவை மட்டும் எழுதியிருந்தாலும் ஸ்டீன்பெக்கை நாம் நல்ல ஆசிரியர் என்றே சொல்லியிருப்போம்.

இந்தப் பலமெல்லாம் சேர்ந்த கைகளுக்கு ஒரே ஓர் ஆசை: மெத்தென்று இருப்பதைத் தடவ வேண்டும். சிறு வயதில் கிளாரா அத்தை எலிக் குஞ்சுகளைப் பிடித்துக் கொடுப்பாள். அவன் தடவுவான், எலி விரலைக் கடிக்கும், அதன் தலையை லேசாகத்தான் கிள்ளுவான், எலி செத்துவிடும். அலுத்துப்போய் அத்தை ரப்பர் எலி ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். அதைத் தடவுவதில் என்ன இருக்கிறது? முயல் என்றால் எலியைவிடப் பெரியது, அவ்வளவு சுலபத்தில் சாகாது என்பது லென்னியின் கணக்கு. அவர்கள் கனவு காணும் பத்து ஏக்கர் நிலத்தில் அவனுக்கு வேண்டியதெல்லாம் முயல்களைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகந்தான்.

இதற்கு முன்பு வடக்கே வீட் என்ற ஊரில் வேலை செய்தார்கள். அங்கே ஒரு பெண்ணின் சிவப்பு உடுப்பு லென்னியின் கண்ணில் பட்டது, தொட்டுப் பார்த்தான். அவள் பயந்து பின்னால் இழுத்தாள். இழுக்க இழுக்க அவன் இறுகப் பிடித்தான். வேலிக்கட்டையால் தலையில் ஜார்ஜ் ஓங்கி அடித்த பிறகுதான் அந்தப் பிடி விட்டது. ஊர் திரண்டு துரத்த, இருவரும் பாசனக் கால்வாயில் ஒளிந்திருந்து தப்பினார்கள். அவள் ஏன் கத்தினாள் என்று அவனுக்கு அன்றும் தெரியாது, பிறகும் தெரியாது.

புதிய பண்ணையில் முதலாளியின் மகன் கர்லி என்பவன் குத்துச்சண்டைப் பந்தயங்களில் பெயர் எடுத்தவன். பெரிய தேகமுள்ளவனைக் கண்டால் வம்புக்கிழுப்பான். வெள்ளிக்கிழமை இரவு, கூலியாட்கள் படுக்கும் கொட்டகையில் லென்னியின் முகத்தில் குத்துகிறான். ரத்தம் வழிகிறது. லென்னி கையைத் தூக்கவே இல்லை, பயத்தினால் அலறுகிறான். கையை உபயோகிக்கும்படி ஜார்ஜ் இரண்டு தடவை கூவிய பிறகுதான், வந்துகொண்டிருந்த முஷ்டியைப் பிடிக்கிறான். பிடித்தவன் அடிக்கவில்லை, முறுக்கவில்லை, பிடித்துக்கொண்டே நிற்கிறான். கர்லி தூண்டிலில் மாட்டிய மீனைப்போலத் துடிக்கிறான். இப்போது ஜார்ஜ் கூவுவது நேர்மாறான உத்தரவு: விட்டுவிடு! ஆனால் அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை. ஜார்ஜ் கன்னத்தில் மாறி மாறி அறைகிறான். பிடியில் இருப்பவன் துடிப்பதைப் பார்த்து லென்னியே நடுங்கிக்கொண்டிருக்கிறான். பிடி மட்டும் இறுகியபடியே இருக்கிறது. ஒரு வழியாக விட்டபோது, அந்தக் கையில் முறியாத எலும்பு இருக்குமா என்பது சந்தேகமாயிற்று. இயந்திரத்தில் கை சிக்கிக்கொண்டதாகச் சொல்லிவிடும்படி கர்லிக்கு ஸ்லிம் கட்டளையிடுகிறான். பொய்தான், ஆனால் லென்னியை அந்தப் பண்ணை என்னவாக எண்ணியதோ அதையே அந்தப் பொய் சொல்லிவிட்டது என்று நமக்குத் தோன்றுகிறது.

கடைசிப் பெஞ்சுப் பையனின் கேள்விக்கு இப்போது வருவோம்.

ஒரு முட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். உடையாமல் எடுத்துவிடுகிறீர்கள். இதைப் பெரிய வித்தை என்று யாரும் மெச்சுவதில்லை. ஆனால் அந்தச் சமயத்தில் விரல் நுனியின் தோலில் உள்ள நரம்பு முனைகள், முட்டை நழுவுகிறதா, அழுத்தம் மிஞ்சுகிறதா என்று இடைவிடாமல் மூளைக்குத் தெரிவித்துக்கொண்டிருக்கின்றன. மூளை கண் இமைக்கும் நேரத்தில் பிடியைத் தளர்த்துகிறது, இறுக்குகிறது. குளிரில் விரல் மரத்துப்போன சமயங்களில் ஒரு சாமானை வேண்டியதற்கு மேல் இறுக்கிப் பிடிக்கிறோமே, அதற்குக் காரணம் இந்தச் செய்தி வரத்து நின்றுபோவதுதான். ஆகவே கையின் சாமர்த்தியத்தில் பாதி அழுத்துவது; மறு பாதி, எங்கே நிறுத்துவது என்று அறிவது.

இதில் இன்னொரு விசேஷமும் உண்டு. பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் உங்கள் விரலை வைத்தால் உடனே மூடிக்கொள்ளும். யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பிறவியிலேயே வருவது அது. ஆனால் பிடித்ததைத் தானாக விட்டுவிடுவது குழந்தைக்கு ஒரு வயது நெருங்கும்போதுதான் கைவருகிறது. அதனால்தான் அந்தப் பருவத்தில் கிலுகிலுப்பையைக் கீழே போட்டுப் போட்டு, தாயாரை எடுத்துத் தரச் சொல்லி வதைக்கிறது. விடுவதற்கு அது பயில்கிறது. பிடிப்பது முதலில் வருகிறது. விடுவது பிறகு வருகிறது. பயம் வந்தால், பிந்தி வந்தது முந்திப் போய்விடுகிறது. கூட்டத்தில் மிரண்ட குழந்தை தாயாரின் புடவைத் தலைப்பைப் பிடித்த பிடியை யார் தளர்த்த முடியும்? லென்னியின் பிடி அந்தப் பிடிதான். ஆனால் அதைப் பிடிக்கிற கை, 100 ராத்தல் மூட்டையை வீசுகிற கை. லென்னிக்கு என்ன நோய் என்று ஸ்டீன்பெக் எந்த இடத்திலும் பெயர் சொல்லவில்லை. நாமும் வைத்தியராக விரும்பவில்லை. கதையில் தென்படுவது இது: அவனுக்குப் பயம் வந்தவுடன் செய்யத் தெரிந்தது ஒன்றுதான், பிடித்துக்கொள்வது. எதிராளி விடுவித்துக்கொள்ள முயன்றால் பயம் கூடுகிறது. பயம் கூடினால் பிடியும் கூடுகிறது.

அவனுக்குக் கோபமே வராது என்று சொல்லி அவனை மகாத்மாவாக்கிவிடவும் முடியாது. லாயத்தில் தனியே வசிக்கும் கறுப்பு இனத்து வேலைக்காரன், ஜார்ஜுக்கு ஏதாவது ஆபத்து நேரிடக்கூடும் என்று பேச்சுக்குச் சொன்னவுடன், எழுந்து அவனை நோக்கி நடக்கிறான். நாய்க்குட்டி செத்தபோதும், தன்னை ஜார்ஜிடம் மாட்டிவைத்ததே என்று அதன்மீதே கோபித்து வீசி எறிகிறான். ஆனால் அந்தக் கோபம், விழுந்த குழந்தை தரையை அடிப்பது போன்றது. அதற்கு முன்னாலேயே பயம் வந்து நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வைக்கோல் களஞ்சியத்தில் நடந்ததை விவரிக்க நமக்கு மனம் வரவில்லை. கர்லியின் மனைவி, கதை முழுவதிலும் பெயரே கொடுக்கப்படாத அந்தப் பெண், பேச்சுத் துணைக்கு ஆளில்லாதவள். தன் கூந்தல் பட்டுப் போலிருக்கும் என்று சொல்லித் தொட்டுப் பார்க்க இடம் கொடுக்கிறாள். பிறகு போதும் என்று தலையை இழுத்துக்கொள்கிறாள். நேயர்களுக்கு மீதி தெரிந்திருக்கும். எலி, நாய்க்குட்டி, முஷ்டி, கூந்தல். கை ஒன்றே, பிடியும் ஒன்றே.

கையைப் பற்றியே ஸ்டீன்பெக் இந்தக் கதையை எழுதினாரோ என்று சில சமயம் நமக்குத் தோன்றுவதுண்டு. ஸ்லிம்மின் கைகளை வர்ணிக்கும்போது, கோயிலில் ஆடும் நர்த்தகியின் கைகளை அவர் உவமை சொல்கிறார். அந்த ஸ்லிம், கோவேறு கழுதையின் முதுகில் உட்கார்ந்த ஈயை, கழுதையின் மேல் படாமல் சவுக்கால் அடித்துக் கொல்லக்கூடியவன். பலத்துக்கு அளவு தெரிந்த கை அது. காண்டி என்ற கிழவனோ அதே பண்ணையில் ஒரு கையை இழந்தவன். அதற்கு ஈடாகக் கிடைத்தது 250 டாலர். பண்ணைக் கணக்கில் ஒரு கையின் விலை அது! ஆள் ஒருவனுக்கு மாதச் சம்பளம் 50 டாலர் என்று பார்த்தால், ஐந்து மாதச் சம்பளம். அந்தப் பணத்தையும் சேமிப்பில் இருந்த 50 டாலரையும் சேர்த்துக் கொடுத்து, 600 டாலர் பெறுமான அந்தப் பத்து ஏக்கரில் தனக்கும் ஒரு மூலை கேட்கிறான். லாயத்து வேலைக்காரனுக்குக் குதிரை உதைத்து முதுகு கோணலாகிவிட்டது. ஆக அந்தப் பண்ணையில் தேகத்தைத் தவிர வேறு முதல் இல்லாதவர்களே எல்லாரும். முதல் கரைந்தவர்களைக் குப்பை பெருக்கவும் லாயம் கழுவவும் வைத்திருக்கிறார்கள். லென்னி ஒருவனுக்குத்தான் முதல் குறையவில்லை. ஆனால் அதைக் காவல் காக்க இன்னொரு மனிதனின் வாழ்நாள் வேண்டியிருந்தது.

இந்த மனிதன் வெறும் கற்பனை அல்ல என்று ஸ்டீன்பெக்கே 1937-இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். தாம் கூலி வேலை செய்த நாளில் பக்கத்தில் நின்று பல வாரம் வேலை செய்த ஒருவனே லென்னி என்றும், அப்போது அவன் கலிபோர்னியாவில் ஒரு மனநோய் விடுதியில் இருப்பதாகவும் தெரிவித்தார். ஆனால் அவன் கொன்றது ஒரு பெண்ணை அல்ல, பண்ணை மேஸ்திரியை. தன் சிநேகிதனை வேலையிலிருந்து நீக்கிவிட்டான் என்ற ஆத்திரத்தில், வைக்கோல் வாரும் இரும்புக் கவையால் அவனைக் குத்திவிட்டானாம். ஸ்டீன்பெக் இதில் செய்த மாறுதல் கவனிக்கத்தக்கது. நிஜ மனிதனுக்கு ஒரு காரணம் இருந்தது, கையில் ஆயுதமும் இருந்தது. கதை மனிதனிடமிருந்து இரண்டையும் ஆசிரியர் பிடுங்கிவிட்டார். வெறும் கையையும் பயத்தையும் மிச்சம் வைத்தார்.

அதே வருஷம் நவம்பரில் இது நியூயார்க்கில் நாடகமாயிற்று. 1939-இல் படமாகவும் வந்தது. படத்தில் லான் சேனியின் மகன் லென்னியாக நடித்தார். பிற்பாடு, பெரிய தடியன் ஒருவன் சிறிய பிராணியை அணைத்து நசுக்குவது என்பது கேலிச் சித்திரப் படங்களுக்கு வாடிக்கையான வேடிக்கையாகிவிட்டது. 1961-இல் வந்த ஒரு படத்தில் பனிமலைப் பூதம் ஒன்று முயலை அப்படி அணைக்கிறது. குழந்தைகள் சிரிக்கிறார்கள். மூலத்தில் என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் அவ்வளவு சிரிக்க முடியாது.

வேடிக்கையைவிட வினோதமான ஓர் இடத்துக்கு லென்னி பின்னால் போய்ச் சேர்ந்தான். 2002-ஆம் வருஷம், அட்கின்ஸ் என்பவருடைய வழக்கில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மரண தண்டனை விதிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அமெரிக்காவின் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. அந்தக் குறைபாடு யாருக்கு இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு பெரும்பாலும் ராஜ்யங்களுக்கு விடப்பட்டது. டெக்ஸாஸ் ராஜ்யத்தின் குற்றவியல் உயர்நீதிமன்றம் 2004-இல் இதற்கு ஓர் அளவுகோல் தேடியது. யாரைக் கொண்டு அளந்தது என்று நினைக்கிறீர்கள்? லென்னியைக் கொண்டு! ஸ்டீன்பெக்கின் லென்னியைப் போன்றவனுக்கு விலக்கு அளிக்க வேண்டும் என்பதில் டெக்ஸாஸ் பிரஜைகளில் பெரும்பாலோர் உடன்படலாம் என்ற கருத்தைத் தீர்ப்பில் எழுதி, அதையடுத்து ஏழு கேள்விகளையும் வகுத்துக் கொடுத்தார்கள். குற்றவாளி யோசித்துத் திட்டம் போட்டானா, வேகத்தில் செய்தானா? தலைமை வகித்தானா, பிறர் சொல்வழி நடந்தானா? தன் நன்மைக்காக விஷயங்களை மறைக்கவும் பொய் சொல்லவும் அவனால் முடிந்ததா? இப்படிப் போகும் அந்தக் கேள்விகள்.

வினாத்தாள் திருத்துவது நம் தொழிலாகையால், இந்தத் தாளை லென்னியிடமே கொடுத்துப் பார்த்தோம். செத்த எலியைச் சட்டைப் பையில் மறைத்து வைத்துக்கொண்டு, ஜார்ஜ் கேட்டபோது ஒன்றும் இல்லை என்று சாதித்தவன் யார்? நாய்க்குட்டியைச் சட்டைக்குள் ஒளித்துக் கொட்டகைக்குக் கொண்டுவந்தவன் யார்? ஜார்ஜ் கடிந்துகொண்டதும், தான் குன்றுகளுக்குப் போய்க் குகையில் வசிப்பதாகச் சொல்லி, அவன் மனம் இளகுவதைக் கண்டுகொண்டு அந்த மிரட்டலையே மேலும் தொடர்ந்தவன் யார்? ஆபத்து நேர்ந்தால் நதிக்கரைப் புதரில் வந்து காத்திருக்க வேண்டும் என்று வியாழக்கிழமை இட்ட ஏற்பாட்டை, எல்லாவற்றையும் மறக்கிறவன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நிறைவேற்றினானே, அது திட்டம் ஆகாதா? கண்டிப்பான பரீட்சகர் ஒருவர் கையில் தாள் அகப்பட்டால் லென்னியே இந்தப் பரீட்சையில் விலக்குப் பெறாமல் போயிருப்பான். தன் பெயரால் ஏற்பட்ட பரீட்சையில்! மனிதனுடைய இயலாமை மதில் சுவரைப் போல ஒரே உயரத்தில் எழுந்து நிற்பதில்லை. ஓரிடத்தில் ஆளுயரம் இருக்கும். பக்கத்திலேயே குழந்தை தாண்டக்கூடிய இடைவெளியும் இருக்கும். வகுப்பறையில் இருபது வருஷம் நின்றவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

இது சொற்போராக நின்றிருந்தால் நாம் இவ்வளவு எழுத மாட்டோம். 2012 ஆகஸ்டில் டெக்ஸாஸில் ஒருவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவருடைய புத்தித்திறன் சோதனையில் கிடைத்த எண் 61. எழுபதையொட்டி எல்லைக்கோடு போடுவது வழக்கம். ஸ்டீன்பெக் அப்போது உயிரோடு இல்லை, 1968-இலேயே காலமாகிவிட்டார். அவருடைய குமாரர் தாமஸ் ஸ்டீன்பெக், தம் தந்தையின் பாத்திரத்தை இந்தக் காரியத்துக்குப் பயன்படுத்துவதைக் கண்டித்து, தந்தை இருந்திருந்தால் கோபமும் வெட்கமும் அடைந்திருப்பார் என்று பகிரங்கமாகத் தெரிவித்தார். தண்டனை நிற்கவில்லை. 2017-இல் வேறொருவர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அந்த ஏழு கேள்விகளையும் தள்ளிவிட்டது. நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதிய தீர்ப்பில், அவற்றுக்கு வைத்திய சாஸ்திரத்தின் ஆதாரமும் இல்லை, சட்டத்தின் ஆதாரமும் இல்லை என்று கண்டிருக்கிறது. முக்கியத் தீர்ப்போடு மாறுபட்ட மூன்று நீதிபதிகள்கூட அந்தக் கேள்விகளை ஆதரிக்க முன்வரவில்லை.

நதிக்கரையில் ஜார்ஜுக்கு நீதிபதிகளும் இல்லை, வினாத்தாளும் இல்லை. இருந்தது சிறிது நேரந்தான். கர்லியின் ஆட்கள் துப்பாக்கிகளோடு தேடி வந்துகொண்டிருந்தார்கள். அகப்பட்டால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். கொல்லாமல் விட்டாலும் கூண்டில் பூட்டி வைப்பார்கள் என்பதும் தெரியும். லென்னி எதிர்பார்த்தது திட்டு. வழக்கம்போல் ஜார்ஜ் திட்டுவான், பிறகு நிலத்தையும் முயல்களையும் பற்றிச் சொல்லுவான். அவ்வளவுதான் அவன் அறிந்த தண்டனை. ஜார்ஜ் அவனை ஆற்றுக்கு அப்பால் பார்க்கச் சொல்லி, அந்தக் கதையையே மறுபடியும் சொல்லத் தொடங்கினான். பின்னால், வேறொருவனிடமிருந்து எடுத்து வந்திருந்த கைத்துப்பாக்கி அவன் கையில் இருந்தது. அந்தக் கை முதலில் பலமாக நடுங்கிற்று. பிறகு நிலைப்பட்டது.

சத்தம் கேட்டு மற்றவர்கள் ஓடி வந்தபோது துப்பாக்கி சாம்பல் குவியலருகில் கிடந்தது. ஜார்ஜ் கரையில் விறைத்து உட்கார்ந்து, அதை எறிந்த தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.